வீட்டில் ஹாப்ஸ் நடுவதற்கு எந்த ரகம்?

வீட்டில் பீர் காய்ச்சிப் பழகியவர்கள், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் கொடியையும் நாமே வளர்த்தால் என்ன என்று நினைக்கும்போது முதலில் தேடுவது சிட்ரா என்ற ரகத்தைத்தான். இல்லாவிட்டால் மொசைக். குடித்துப் பிடித்துப்போன ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் பீர் வகை) பாட்டிலின் மேல் அந்தப் பெயர்தான் இருந்திருக்கும். ஆனால் முறையாக நடக்கும் எந்த நர்சரியிலும் அவற்றின் நாற்று கிடைக்காது. இரண்டும் தனியார் வளர்த்தெடுத்து உரிமை பெற்ற ரகங்கள்; ஒப்பந்தம் போட்ட விவசாயிகள் மட்டுமே பயிரிடலாம். காய்ந்த ஹாப்ஸாக எத்தனை கிலோ வேண்டுமானாலும் வாங்கலாம், செடியாக ஒன்றுகூட வாங்க முடியாது. யாராவது 'சிட்ரா வேர்' என்று விற்றால் அது சிட்ராவாக இருக்க வாய்ப்பு குறைவு. உண்மையிலேயே சிட்ராவாக இருந்தால், விற்பவருக்கு அதை விற்க உரிமை இருக்காது.

இதில் பெரிதாக வருத்தப்பட ஒன்றும் இல்லை. பிடித்த பீரிலிருந்து தொடங்கி ரகத்தைத் தேடுவதே தலைகீழான வழி என்பது என் கட்சி. எந்த ஊரில் இருக்கிறீர்கள், அங்கே வசந்தத்தில் எவ்வளவு மழை, கோடைக் காற்று ஈரமா உலர்வா, கொடி ஏற எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் தானாகவே நான்கைந்து பெயருக்குச் சுருங்கிவிடும். நாக்கைக் கேட்பது அதற்கு அப்புறம்.

ஹாப்ஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காக அடிப்படையிலிருந்து வருகிறேன். பீரில் நான்கு பொருள்: தண்ணீர், மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்து எடுக்கும் சாறு ஒரே இனிப்பாக இருக்கும். அந்த இனிப்பைச் சமன் செய்யும் கசப்பும், பீருக்கே உரிய பூ வாசனையும் பழ வாசனையும் ஹாப்ஸிலிருந்து வருபவை. பீர் சீக்கிரம் கெடாமல் இருக்கவும் அது உதவுகிறது. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது. போதை எதுவும் கிடையாது. மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காய்ந்துபோகும். அடியில் வேர்த்தண்டு உயிரோடு தூங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஜூன் மாதத்தில் நல்ல வெயில் கிடைத்தால் ஒரே நாளில் அரை அடி, சில நாள் ஒரு அடிகூட ஏறும். கயிற்றைக் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றிக்கொண்டு போகும். நீங்கள் எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் அவிழ்ந்து விழுந்துவிடும்.

இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியில் வரும் பச்சைக் கூம்புகள். ஒரு கூம்பைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுபுலின். கசப்பும் வாசனையும் எல்லாம் அதற்குள்தான். விதை போட்டு வளர்த்தால் பாதி ஆணாக வரும். மீதி பெண்ணும் தாயைப்போல இருக்காது. அதனால் ஹாப்ஸ் விதையை யாரும் வாங்க வேண்டாம். பெயர் சொல்லி விற்கும் பெண் கொடியின் வேர்த்தண்டோ தொட்டி நாற்றோதான் வாங்க வேண்டும்.

லுபுலினில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று ஆல்ஃபா அமிலம். இது அப்படியே போட்டால் அவ்வளவாகக் கரையாது. மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது உருமாறிக் கரைந்து கசப்பைத் தருகிறது. இன்னொன்று வாசனை எண்ணெய். இதற்குக் கொதி ஆகாது, ஆவியோடு போய்விடும். ரசத்தில் புளி கொதிக்க வேண்டும், கொத்தமல்லியை இறக்கும்போது கிள்ளிப் போட வேண்டும் இல்லையா, அதே கணக்குதான். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் கொதியின் தொடக்கத்தில். வாசனைக்குப் போடுவது கடைசி ஐந்து பத்து நிமிடத்தில், அல்லது அடுப்பை அணைத்த பிறகு, அல்லது பீர் புளித்து முடியும் சமயத்தில் அப்படியே உள்ளே. கடைசியாகச் சொன்னதுதான் டிரை ஹாப்பிங்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கும் ஹாப்ஸ் பொட்டலத்தின் மேல் ஆல்ஃபா இத்தனை சதவீதம் என்று ஆய்வகத்தில் அளந்து அச்சிட்டிருப்பார்கள். வீட்டுக் கொடியில் பறித்ததற்கு அந்த எண் கிடையாது. ஒரே ரகம், ஒரே கொடி என்றாலும் அந்த வருஷத்து வெயில், பறித்த வாரம், காயவைத்த விதம் எல்லாம் சேர்ந்து அளவை மாற்றிவிடும். ஆல்ஃபா 6 சதவீதம் என்று நம்பிக் கணக்குப் போடுகிறீர்கள், உண்மையில் 4 சதவீதம்தான் இருக்கிறது என்றால் பீரின் கசப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்கலாம். பத்துப் பதினைந்து லிட்டர் பீருக்காக அந்தச் செலவு செய்பவர்களை நான் பாராட்டலாம், பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

ஆகவே கசப்பு வேலையைக் கடைப் பொட்டலத்துக்கு விட்டுவிடுங்கள். மலிவாகவே கிடைக்கும் மேக்னம் என்ற கசப்பு ரகம் ஒரு சின்னப் பொட்டலம் போதும். வீட்டு ஹாப்ஸுக்கு வாசனை வேலையைக் கொடுங்கள். அங்கே அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பீர் கெடாது. இப்படி முடிவு செய்துவிட்டால் 'ஆல்ஃபா 15 சதவீதம், 17 சதவீதம்' என்று விளம்பரப்படுத்தப்படும் கொலம்பஸ் வகையறா ரகங்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. கசப்பைக் கிலோக் கணக்கில் பிழிந்தெடுக்கும் ஆலைகளுக்குத்தான் அந்த எண் முக்கியம்.

முதலில் ஊர்

ஹாப்ஸ் விளையும் பெயர்பெற்ற இடங்களை உலக வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் பவேரியாவில் ஹாலர்டாவ், செக் குடியரசில் ஜாடெட்ஸ், இங்கிலாந்தில் கென்ட். எல்லாம் 46 முதல் 51 டிகிரி வட அட்சரேகைக்குள் வரும். தெற்கே நியூசிலாந்தின் நெல்சனும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவும் 41 முதல் 43 டிகிரியில் இருக்கின்றன. பொதுவாக 35 முதல் 55 டிகிரிக்குள் ஹாப்ஸ் நன்றாக வரும் என்பார்கள். காரணம் குளிர் மட்டுமல்ல, பகல் நீளம். கோடையில் பகல் பதினைந்து பதினாறு மணி நேரம் நீளும்போது கொடி மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பகல் குறையத் தொடங்கியதும் ஏறுவதை விட்டுப் பூக்கத் தொடங்கும். குளிர்காலத்தில் சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால் அடுத்த வருஷம் ஒழுங்காகத் துளிர்க்கும் என்பார்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வருமா என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. குளிர் ஓரளவு இருக்கிறது, பகல் நீளம் இல்லை. ஊட்டி 11 டிகிரியில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலே பதிமூன்று மணி நேரத்தைத் தொடாது. கொடி வளர்ந்து ஆளாகும் முன்பே பூக்கப் பார்க்கும், கையளவு கூம்புக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்தியாவில் ஹாப்ஸ் பயிரான இடம் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல், அது 32 டிகிரிக்கு மேலே இருக்கும் மலைப் பள்ளத்தாக்கு. தவிர, தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். எனவே இந்தக் கட்டுரை சியாட்டில், போர்ட்லண்ட், டொராண்டோ, லண்டன் மாதிரி ஊர்களில் கொல்லைப்புறம் வைத்திருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சக் கூட்டாட்சிச் சட்டம் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்தில் வழிவிட்டது. பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் என்பது வரம்பு.

அட்சரேகை சரி என்றால் அடுத்த கேள்வி ஈரம். ஹாப்ஸைக் கொல்வது குளிரல்ல, பூஞ்சை. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் என்று இரண்டு. வசந்தத்தில் மழை தூறிக்கொண்டே இருந்தால் அடிச்சாம்பல் வரும். புதுத் துளிர்கள் நீளாமல் குட்டையாகக் குவிந்து, இலை வெளிறி கீழ்நோக்கிச் சுருண்டால் அதுதான் அடையாளம். அந்தத் துளிரை உடனே கிள்ளி எடுத்துக் குப்பையில் போட வேண்டும், உரக்குழியில் அல்ல. சாம்பல் நோய் இலையிலும் கூம்பிலும் வெள்ளை மாவு பூசியதுபோல் வரும்.

இந்தப் பூஞ்சைகள் விளையாடிய விளையாட்டு சாதாரணமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹாப்ஸ் தலைநகரம் நியூயார்க் மாநிலம். நோய் புகுந்ததும், மேற்கே விளைச்சல் மலிவாக இருந்ததும், அப்புறம் 1920-இல் வந்த மதுவிலக்கும் சேர்ந்து அங்கே அந்தத் தொழிலையே துடைத்துவிட்டன. இன்று அமெரிக்க ஹாப்ஸில் ஏறக்குறைய எல்லாமே வாஷிங்டன், ஆரகன், ஐடஹோ மூன்று மாநிலங்களிலிருந்து வருகிறது. யாக்கிமா ஏன் இத்தனை பெரிய ஹாப்ஸ் பூமி ஆனது என்றால், அது கிட்டத்தட்ட பாலைவனம். ஆண்டு மழை இருநூறு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆற்று நீரைப் பாய்ச்சி வேருக்கு மட்டும் ஈரம் கொடுக்கிறார்கள், இலை உலர்ந்தே இருக்கிறது.

உங்கள் தோட்டம் யாக்கிமா அல்ல. டொராண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ கோடைக்காற்றே ஈரம். லண்டனில் வசந்தம் முழுக்கத் தூறல். யாக்கிமாவில் கொழிக்கும் ரகம் அங்கே மருந்தடிக்காமல் நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாசனைப் பட்டியல் எந்தக் கடையின் பக்கத்திலும் இருக்கும். நோய் எதிர்ப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

முதல் கொடி கேஸ்கேட்

தொடங்குபவர் யார் வந்து கேட்டாலும் என் பதில் கேஸ்கேட். சலிப்பூட்டும் பதில்தான், ஆனாலும் காரணம் இருக்கிறது.

ஆரகன் மாநிலத்தின் கார்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறையும் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஹாப்ஸ் ரகங்களை உருவாக்கி வந்தன. அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் ரகம் ஒன்று வேண்டும் என்று 1956-இல் எடுத்த விதையிலிருந்து வந்தது இது. இங்கிலாந்தின் ஃபக்கிள் ரகமும் ரஷ்யாவின் செரெப்ரியாங்கா ரகமும் அதன் முன்னோர். பல வருஷம் யாரும் சீந்தவில்லை. ஐரோப்பாவில் ஹாலர்டாவ் ரகத்தை வாடல் நோய் தாக்கி வரத்து குறைந்தபோது, கூர்ஸ் என்ற பெரிய பீர் நிறுவனம் மாற்று தேடி இதன் பக்கம் திரும்பியது. 1972-இல் கேஸ்கேட் என்ற மலைத்தொடரின் பெயரோடு வெளியானது. ஜெர்மன் ஹாப்ஸுக்கு மாற்றாகத் தேடியது கடைசியில் வேறு எதுவோ ஆனது. அதன் பம்ப்ளிமாஸ் தோல் வாசனையைப் பெரிய ஆலைகள் அவ்வளவாக ரசிக்கவில்லை, சின்ன ஆலைகள் பிடித்துக்கொண்டன. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் 1975-இல் காய்ச்சிய லிபர்ட்டி ஏல், கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் சியரா நெவாடா 1980-இல் தொடங்கிய பேல் ஏல் இரண்டிலும் கேஸ்கேட்தான். அமெரிக்கப் பேல் ஏல் என்றதும் நாக்கில் வரும் சுவை பெரும்பாலும் இந்த ஒரு கொடியிலிருந்து வந்தது.

வீட்டுக்காரருக்கு இதில் என்ன லாபம்? நோயைத் தாங்கவே பிறந்த ரகம் என்பதால் ஈரமான ஊரிலும் ஓரளவு நின்றுகொள்ளும். அரசு நிறுவனம் உருவாக்கிப் பொதுவில் விட்டது, அதனால் உரிமைச் சிக்கல் இல்லை, எங்கும் கிடைக்கும். மண்ணைப் பற்றி அதிகம் முறையிடாது, கூம்பு நிறையக் காய்க்கும். ஆல்ஃபா நான்கரை முதல் ஏழு சதவீதம் என்பதால் கடைசி நேரத்தில் தாராளமாக அள்ளிப் போட்டாலும் பீர் கசந்து வழியாது. பேல் ஏல், ஐபிஏ, கோதுமை பீர், ஏன் கறுப்பு பீரான போர்ட்டரில்கூட ஒத்துப்போகும்.

இடம் இருந்து இரண்டாவது கொடி நடுவதென்றால் அமெரிக்க வகைகளில் சென்டீனியல், சினூக், நகெட் மூன்றையும் பார்க்கலாம். சென்டீனியல் 1990-இல் வந்தது. எலுமிச்சையும் பூவும் கலந்த வாசனை, கேஸ்கேட்டைவிட அழுத்தமானது. சிலர் அதை சூப்பர் கேஸ்கேட் என்றே அழைப்பார்கள். சினூக் 1985-இல் வெளியானது, பைன் மரப் பிசினும் மிளகும் கலந்த முரட்டு வாசனை. இதைக் கொஞ்சமாகப் போட்டால் அருமை. கேஸ்கேட் மாதிரி அள்ளிப் போட்டால் பீர் பினாயில் பக்கம் போய்விடும். நகெட் பேய் வளர்ச்சி வளரும். மூலிகை வாசனைதான், பழ வாசனை குறைவு. கேஸ்கேட்டுக்குத் துணையாக ஒன்றுதான் நடலாம் என்றால் என் ஓட்டு சினூக்குக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை என்பதால் கலந்தும் போடலாம், பறிக்கும்போது குழப்பமும் வராது.

ஆங்கிலேய ஏல் பிரியர்களுக்கு ஃபக்கிள், வில்லமெட் இரண்டும் உண்டு. ஃபக்கிள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் பயிராவது. மண்ணும் மரப்பட்டையும் புதினாவும் கலந்த மெல்லிய வாசனை. அடிச்சாம்பல் நோயை நன்றாகத் தாங்கும், ஆனால் வாடல் நோய்க்குத் தாங்காது. வாடல் நோய்க்கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் தங்கிவிடும் என்பதால் அந்தப் பேச்சு அடிபடும் பகுதியில் ஃபக்கிள் வேண்டாம். வில்லமெட் அதன் பெண் வாரிசு, 1976-இல் கார்வாலிஸிலிருந்து வெளியானது. ஃபக்கிளைவிட விளைச்சல் அதிகம். அமெரிக்காவில் இருப்பவர்கள் ஃபக்கிளைத் தேடி அலைவதைவிட வில்லமெட்டை நட்டுவிட்டுப் போகலாம். கோல்டிங்ஸ் ரகத்தின் தேன் மாதிரியான வாசனைக்கு இணை இல்லை என்பது உண்மை. பூஞ்சைகளுக்கும் அதன்மேல் அதே அபிப்பிராயம்.

பழைய ஐரோப்பிய ரகங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

லாகர் (ஏலைப்போலன்றிக் குளிரில் புளிக்கவைக்கும் பீர்) காய்ச்சுபவர்கள் அடுத்துக் கேட்பது சாஸ், ஹாலர்டாவ் மிட்டெல்ஃப்ரூ. பில்ஸ்னர் என்ற லாகர் பீருக்கு சாஸ் என்பது தஞ்சாவூர்க் கலைத்தட்டுக்குத் தஞ்சாவூர் மாதிரி பிரிக்க முடியாதது. சாஸின் சொந்த ஊரான ஜாடெட்ஸும் அதைச் சுற்றியுள்ள ஹாப்ஸ் நிலமும் 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவே சேர்க்கப்பட்டன. ஆனால் அந்த ரகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தந்த மண்ணுக்கும் வானிலைக்கும் பழகியவை. அங்கேயே விளைச்சல் குறைவு. வேற்று மண்ணில் இன்னும் குறைவு. கொடி ஏறும், பச்சைப் பசேலென்று இருக்கும், செப்டம்பரில் எண்ணிப் பறிக்கும் அளவுக்குக் கூம்பு இருக்கும்.

கார்வாலிஸ் ஆட்கள் இதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஹாலர்டாவ் வம்சத்தில் வந்த மவுண்ட் ஹூட் 1989-இல் வெளியானது, லிபர்ட்டி 1991-இல். சாஸ் வம்சத்தில் ஸ்டெர்லிங் 1998-இல் வந்தது. வாசனை அச்சு அசலாக அதுவே என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக் கொல்லையில் லாகருக்காக ஒரு கொடி வேண்டும் என்றால் இவற்றில் ஒன்றை நடுவதுதான் புத்திசாலித்தனம், அசல் சாஸைப் பொட்டலமாகவே வாங்கிக்கொள்ளலாம்.

உயரமும் இடமும்

பண்ணைகளில் ஹாப்ஸ் பந்தல் பதினெட்டு அடி உயரம் இருக்கும். அதில் கொடி ஏறத் தென்னை நார்க் கயிறு கட்டுகிறார்கள். இலங்கையிலிருந்து போகும் கயிறும் அதில் உண்டு. சொரசொரப்பாக இருப்பதால் கொடி நன்றாகப் பிடித்துக்கொள்ளும், அறுவடையின்போது கொடியோடு சேர்த்து வெட்டிப் போட்டால் மக்கியும் போகும். வீட்டிலும் அதையே கட்டுங்கள், நைலான் கயிறு வழுக்கும். மாடி விளிம்பிலிருந்து தரைக்குச் சாய்வாக இரண்டு கயிறு கட்டினாலே ஒரு கொடிக்குப் போதும். ஒரு நாளில் குறைந்தது ஆறேழு மணி நேரம் நேர் வெயில் படும் பக்கமாக இருக்க வேண்டும். வட அரைக்கோளத்தில் தெற்குச் சுவர்தான் சிறந்தது. உயரம் இல்லாவிட்டால் எட்டடிக்கு ஏற்றி, அங்கிருந்து வேலி மேல் கிடைமட்டமாக ஓட விடலாம். விளைச்சல் கொஞ்சம் குறையும், கேஸ்கேட் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.

லண்டன் மாதிரி ஊரில் கையகல முற்றம் உள்ளவர்களுக்குக் குட்டை ரகங்கள் இருக்கின்றன. அவற்றில் தெரிந்த பெயர் ஃபர்ஸ்ட் கோல்டு. கென்ட்டில் இருந்த வை கல்லூரியில் 1990-களில் உருவானது. எட்டடி உயரத்தோடு நின்றுவிடும். நர்சரிகளில் பிரைமா டோனா என்ற பெயரிலும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றே. ஆரஞ்சுத் தோல் வாசனை, ஆங்கிலேய ஏலுக்குப் பொருத்தம். ஐம்பது அறுபது லிட்டர் கொள்ளும் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தொட்டி என்றால் கோடையில் ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறக் கூடாது.

வாங்கும்போது இரண்டு பொறிகளைத் தவிர்க்க வேண்டும். நர்சரியில் 'கோல்டன் ஹாப்' அல்லது ஆரியஸ் என்று பொன் நிற இலையோடு நிற்கும் கொடி அழகுக்கானது, அதை நம்பி பீர் காய்ச்ச முடியாது. ஜப்பானிய ஹாப்ஸ் என்பது வேறு இனமே. பீருக்கு உதவாது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் களையாகப் பரவித் தொல்லை கொடுக்கிறது. வேர்த்தண்டு மார்ச், ஏப்ரலில் விற்பனைக்கு வரும். அதைவிட, வைரஸ் இல்லாத தாய்ச்செடியிலிருந்து எடுத்த தொட்டி நாற்று கொஞ்சம் விலை கூடினாலும் மேல். வேர்த்தண்டு வழியாக வைரஸும் அதைவிடச் சின்னக் கிருமியான வைராய்டும் சத்தமில்லாமல் வந்துவிடும். கொடி சாகாது, விளைச்சல்தான் வருஷா வருஷம் சுருங்கும். வாஷிங்டன் மாநிலத்தின் ப்ராசரில் இதற்காகவே நோயற்ற தாய்ச்செடிகளைப் பராமரிக்கும் மையம் இருக்கிறது. அந்த வழியில் வந்த நாற்றா என்று கடைக்காரரைக் கேட்பதில் தப்பில்லை.

எத்தனை நடுவது? இரண்டு போதும். முதல் வருஷம் கொடி வேர் பிடிப்பதிலேயே கவனமாக இருக்கும், கையளவு கூம்பு வந்தால் லாபம். மூன்றாம் வருஷத்திலிருந்து நல்ல கொடி ஒன்று காய்ந்த எடையில் கால் கிலோ முதல் முக்கால் கிலோ வரை தரும், இடம் நன்றாக அமைந்தால் அதற்கு மேலும். ஐந்து கேலன், அதாவது பத்தொன்பது லிட்டர் பேல் ஏலுக்கு மொத்தமாகவே அறுபது முதல் நூற்றிருபது கிராம்தான் தேவை. ஆறு ரகத்தை வாங்கி வரிசையாக நட்டவர்களின் தோட்டத்தில் நான்காம் வருஷம் என்ன நடக்கும் தெரியுமா? வேர்த்தண்டுகள் மண்ணுக்கடியில் ஒன்றின் இடத்துக்குள் மற்றொன்று ஓடி, எந்தத் துளிர் எந்த ரகம் என்று தெரியாமல் போய்விடும். ஒரே ரகத்துக்கு மூன்றடி இடைவெளி போதும். வேறு வேறு ரகமானால் குறைந்தது ஐந்தடி, முடிந்தால் வீட்டின் இரண்டு பக்கம். ஒவ்வொரு வசந்தத்திலும் மண்வெட்டியால் சுற்றிலும் ஓடும் வேரை வெட்டிவிட வேண்டும்.

ரகம் தேர்வானபின் வளர்ப்பில் பெரிய வித்தை இல்லை. வசந்தத்தில் கிளம்பும் துளிர்களில் இரண்டு மூன்றை மட்டும் ஒரு கயிற்றுக்கு ஏற்றிவிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். வெட்டிய இளந்துளிரை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடலாம், ஐரோப்பாவில் அது விலை உயர்ந்த காய். கொடி உச்சியைத் தொட்டதும் அடியிலிருந்து மூன்றடி வரை இலைகளைக் கிள்ளிவிட்டால் காற்று புகுந்து பூஞ்சை குறையும். அசுவினியும் செஞ்சிலந்தியும் இலையின் அடிப்பக்கம்தான் குடியிருக்கும், வாரம் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். டொராண்டோ, நியூ ஜெர்சிப் பக்கம் ஜப்பானிய வண்டும் வரும். காலையில் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுவதே எளிய வைத்தியம்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து கூம்பை அழுத்திப் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஈரமாக நசுங்கி அப்படியே நிற்கும். பழுத்தது காகிதம்போல் சரசரத்து, விட்டதும் நிமிரும். உள்ளே லுபுலின் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சளாக மாறியிருக்கும். இந்த நாள் ரகத்துக்கு ரகம் மாறும். இரண்டு ரகம் வைத்திருப்பவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் பறித்து முடிக்கப் பார்ப்பார்கள், அப்படிச் செய்தால் ஒன்று பிஞ்சு, மற்றொன்று முற்றல். பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வலைத் தட்டில் பரப்பி மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள். சூடு காட்டுவதானால் 60 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது, வாசனை போய்விடும். நடுத்தண்டு வளையாமல் முறிந்தால் காய்ந்தது என்று அர்த்தம். காற்றை உறிஞ்சி மூடிய பையில் ஃப்ரீசருக்குப் போகலாம்.

காயவைக்காமல் பறித்த அன்றே காய்ச்சுவதும் உண்டு. சியரா நெவாடா 1996-இலிருந்து இப்படிப் பச்சை ஹாப்ஸில் ஓர் அறுவடை ஏல் போடுகிறது. வீட்டுத் தோட்டக்காரருக்குக் கடைக்காரரைவிட வசதி இருக்கும் ஒரே இடம் இது, ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். பச்சையில் எடை தண்ணீர்தான் என்பதால் குறிப்பில் இருக்கும் அளவைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு போட வேண்டும்.

நாய் வளர்ப்பவர்கள் மட்டும் நிறைய யோசித்து இறங்குங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். உதிர்ந்த கூம்பைவிட, பீர் காய்ச்சி வடிகட்டி எடுத்த சக்கை இன்னும் ஆபத்து, ஏனென்றால் மால்ட் இனிப்புக்காக நாய் தேடி வந்து தின்னும். சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாமல், கட்டி மூடிய குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.